ஆய்வகக் கருவியால் ராக்கெட் பிழம்பைப் படிக்க முடியுமா?

கேள்வி: எங்கள் கல்லூரியில் பழைய எஃப்.டி.ஐ.ஆர். அகச்சிவப்பு நிறமாலைமானி (அகச்சிவப்பு ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி) ஒன்று இருக்கிறது. பழவேற்காட்டிலிருந்து பி.எஸ்.எல்.வி. ஏவுதலைப் பதிவுசெய்ய அதை மாற்றியமைக்க முடியுமா?

பதில்: முடியும், வெளி ஒளியை வாங்கும் வாசல் அந்தக் கருவியில் இருந்தால். வாசலுக்கு முன் சிறிய ஆடித் தொலைநோக்கியைப் பொருத்துங்கள். சாதாரணக் கண்ணாடி லென்ஸ் வேண்டாம். உங்களுக்குத் தேவையான அகச்சிவப்பை அது விழுங்கிவிடும்.

பெரிய தலைவலி வேகம்தான். கருவி ஒளியை இரு பாதைகளாகப் பிரித்து, ஒரு பாதையின் நீளத்தை நகரும் ஆடியால் மாற்றி, மீண்டும் சேர்த்து அளக்கிறது. அந்த ஆடி ஒருமுறை ஓடி முடியும்வரை வரும் ஒளி மாறாது என்பதே இக்கருவியின் அடிப்படை. ராக்கெட் பிழம்போ ஓயாமல் துடிக்கும். இரு பாதைகளின் நீள வேறுபாடு நொடிக்கு 0.3 செ.மீ. வீதம் மாறினால், 2,700 அலைஎண் (ஒரு செ.மீ.க்குள் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) கொண்ட ஒளி உணரியில் 810 ஹெர்ட்ஸ் சைகையாக விழும். பிழம்பின் துடிப்பும் அங்கேயே கலந்து நிறமாலையில் பொய்க்கோடுகளை முளைக்கவைக்கும். வேகத்தை நொடிக்கு 5 செ.மீ. ஆக்கினால் அதே ஒளி 13,500 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். துடிப்பின் தொல்லை அங்கே மிகக் குறைவு. பழைய கருவி அவ்வளவு ஓடாவிட்டால், முடிந்த உச்ச வேகத்தில் ஓட்டுங்கள். அறை வெப்பநிலையில் இயங்கும் வழக்கமான உணரி இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. திரவ நைட்ரஜனால் குளிர்விக்கும் இண்டியம் ஆன்டிமனைடு உணரிக்குச் செலவிடுங்கள். மற்றதில் சிக்கனம் பிடிக்கலாம்.

எதைத் தேடுவது? ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் பழவேற்காட்டிலிருந்து சுமார் 35 கி.மீ. தொலைவில் இருக்கிறது. இடையிலுள்ள ஈரக்காற்று 2.7 மைக்ரான் நீராவிப் பட்டையையும் 4.3 மைக்ரான் கார்பன் டைஆக்சைடு பட்டையின் நடுப்பகுதியையும் மறைத்துவிடும். 3.5 முதல் 4 மைக்ரான் வரை வழி ஓரளவு திறந்திருக்கும். முதல் கட்டத்தின் திட எரிபொருளில் அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியமும் இருப்பதால், ஹைட்ரஜன் குளோரைடு கோடுகளும் சுடும் அலுமினாத் துகள்களின் தொடர் ஒளியும் அந்த இடைவெளியில் வரும். கோடுகளுக்கிடையே ஏறத்தாழ 20 அலைஎண் இடைவெளி என்பதால் 8 அலைஎண் பகுதிறன் (அருகருகே உள்ள கோடுகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம்) போதும். அதைவிட நுணுக்கம் கேட்டால் வேகம் போய்விடும்.

கடற்கரையில், கருவிக்குள் ஒளி கடக்கும் பொட்டாசியம் புரோமைடு உப்புப் பாகங்கள் ஈரத்தில் பனித்துப் பாழாகும். கருவிக்குள் உலர் நைட்ரஜனைச் செலுத்திக்கொண்டே இருங்கள். புகைமேகம் சிதறடிக்கும் வெயிலும் 4 மைக்ரானுக்குக் கீழே குழப்பும் என்பதால் இரவு ஏவுதலாகத் தேர்ந்தெடுங்கள். ராக்கெட் கிளம்பும் முன்னும் பின்னும், வெப்பநிலை தெரிந்த கரும்பூச்சுத் தகட்டை இரு வெவ்வேறு வெப்பநிலைகளில் தொலைநோக்கியின் முன் வைத்து அளவுதிருத்தம் செய்யுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் பதிவு வெறும் படம்தான்.

கிடைத்தது உண்மைதானா என்று சோதிக்க ராக்கெட்டே உதவும். சுமார் 110 நொடியில் முதல் கட்டம் கழன்று, திரவ எரிபொருள் இரண்டாம் கட்டம் எரியத் தொடங்கும். அதில் குளோரினும் இல்லை, அலுமினியமும் இல்லை. உங்கள் ஹைட்ரஜன் குளோரைடு கோடுகள் அந்த நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் அவை கருவியின் பிழை.