மூச்சுப் பயிற்சி கேட்டு வந்த அம்மாவுக்கு

போன வாரம் குமரி மாவட்டம் திருவட்டாறு பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்திருந்தார். பிள்ளைக்கு 19 வயது. நீட் இரண்டு முறை எழுதிவிட்டாள். மே மாதத்திலிருந்து ராத்திரி தூக்கம் இல்லை. போன் மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிட்டுப் போகிறது. "மூணாவது தடவை எழுதப் போறா. மனசு தைரியமா இருக்க ஏதாவது பயிற்சி சொல்லிக் குடுங்க" என்று கேட்டார்.

அக்கா, அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பயிற்சி உண்டு, சொல்லித் தருகிறேன். ஆனால் மூன்றாவது நீட்டுக்குத் தெம்பு ஏற்ற அதைத் தரமாட்டேன். செருப்பு கடித்துப் புண்ணான காலுக்கு மருந்து போட்டுவிட்டு, அதே செருப்பை மாட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 1990-களில் பட்டியலிட்ட பத்து வாழ்க்கைத் திறன்களில், உணர்ச்சிகளைக் கையாளுவதும் மன அழுத்தத்தைச் சமாளிப்பதும் இரண்டு. சைக்கிள் ஓட்டுவது போல இவற்றையும் பழகித்தான் ஆக வேண்டும். படபடப்பு வரும்போது நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடட்டும். வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். மனம் அமைதியாக இருக்கும்போதும் தினம் ஐந்து நிமிடம் செய்து வந்தால்தான் பதறும் நேரத்தில் கைகொடுக்கும். சாயங்காலம் 15 நிமிடம் கவலைகளை நோட்டில் எழுதட்டும்: தன்னால் ஆகக்கூடியது ஒரு பக்கம், ஆகாதது மறுபக்கம். எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். மத்தியானத்துக்குப் பிறகு கட்டன்சாயா (பால் இல்லாத டீ) வேண்டாம்.

அப்புறம், எதைக் கேட்டாலும் "தலைவலி" என்கிறாள். மெல்ல விசாரித்தேன். குவைத்திலிருந்து மாமா கூப்பிடும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அது வருகிறதாம். அதற்குப் பெயர் அவமானம். அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னபோது அழுதாள், அழுது முடித்ததும் தோள் இறங்கியது. உணர்வுக்குச் சரியான பெயர் வைக்கப் பழகுவதும் ஒரு பயிற்சிதான்.

இவை மட்டும் போதாது. தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவளுக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இடைஞ்சல் வரும் என்று பயப்படாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

சரி, மூன்றாவது முறை விஷயம். இரண்டாம் முறை மதிப்பெண் முதல் முறையைவிடக் குறைந்திருக்கிறது. உங்கள் அறுபது சென்ட் ரப்பரில் மழை மாதங்களில் பால் வெட்டு கிடையாது. போன வருடக் கோச்சிங்குக்கு வைத்த நகையே இன்னும் மீளவில்லை. இன்னொரு நகை அடகுக்குப் போகக் கூடாது. "நம்ம குடும்பத்தில ஒரு டாக்டர் வேணும்" என்று மாமா சொல்கிறார். அந்த ஆசைக்கு வட்டி கட்டுவது நீங்கள், தூக்கத்தைக் கொடுப்பது பிள்ளை. நீட்டை எத்தனை முறையும் எழுதலாம் என்று விதி இருக்கலாம், எழுதியே தீர வேண்டும் என்று எங்கும் இல்லை.

நர்சிங், பி.இ., வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். பற்றியெல்லாம் பேச மார்த்தாண்டம் வரை ஆள் உண்டு. நான் வேறொன்று சொல்கிறேன்.

அன்றைக்கு ஒரே ஒரு முறை அவள் முகம் தெளிந்தது, பாட்டியைப் பற்றிச் சொன்னபோது. மறதி நோய் உள்ள பாட்டி அந்தி சாய்ந்தால் "அம்மை வீட்டுக்குப் போணும்" என்று அடம்பிடிப்பாராம். வீட்டில் மற்றவர்கள் அதட்டுவார்கள். இவள் மட்டும் கையைப் பிடித்து முற்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "வந்தாச்சு பாட்டி" என்று திண்ணையில் உட்கார வைப்பாளாம். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்த மனம் உள்ளவர்களுக்கென்று ஒரு தொழில் இருக்கிறது: மனநல சமூகப் பணி. மருத்துவர் மருந்து எழுதுவார். அந்த மருந்தை ஏன் பாதியில் நிறுத்தினார், வீட்டில் யார் திட்டுகிறார்கள், வேலை ஏன் போனது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்பவர் சமூகப் பணியாளர். வீட்டுக்கே போய்ப் பார்ப்பார். குடியை விட முயல்பவர்களை வட்டமாக உட்கார வைத்துப் பேச வைப்பார். மனநோயும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருப்பதால், தகுதியுள்ளவருக்குச் சான்றிதழ் வாங்க அலைவார். குணமானவரை மறுபடி வேலைக்கு அனுப்புவதும் அவர் பொறுப்புதான். சுனாமியும் ஒக்கிப் புயலும் பார்த்த நம் கடற்கரையில், ஆளை இழந்த வீட்டில் உட்கார்ந்து கேட்கத் தெரிந்தவர்கள் எவ்வளவு தேவைப்பட்டார்கள் என்பது நமக்குத் தெரியும்.

வழி இதுதான். ஏதாவது ஒரு பட்டப்படிப்பு, மூன்று வருடம். உளவியலோ சமூகப் பணியோ கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பெரும்பாலான கல்லூரிகள் சமூகப் பணி முதுகலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ.வில் சேர்த்துக்கொள்ளும். அது இரண்டு வருடம். மருத்துவ, மனநலப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநல சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ள, அதற்கு மேல் மனநல சமூகப் பணியில் இரண்டு வருட முழுநேர எம்.பில். வேண்டும். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் இதற்குப் பேர்போன இடம். எம்.பில். படிப்பை பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி பொதுவாக நிறுத்திவிட்டது. இந்தத் துறைக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டிப்புத் தந்தது. அதனால் இவள் அந்தக் கட்டத்துக்கு வரும்போது விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ.வோடு நின்றாலும் போதை மீட்பு மையம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பள்ளி ஆலோசகர் என்று வேலைகள் உண்டு. ஆரம்பச் சம்பளம் குறைவு, பல இடங்களில் ஒப்பந்தப் பணி. இதை மறைத்துச் சேர்க்கக் கூடாது.

இந்த வருடமே, அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் அவளைச் சேர்த்துவிடுங்கள். நன்கொடை கேட்கும் இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். அதற்கு முன்னால் அவளிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் இதையும் விட்டுவிடுவோம், நகையை வைத்து நீட் என்ற பேச்சு மட்டும் திரும்ப வரக் கூடாது.

மாமாவிடம் சொல்ல உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் அவர் எண்ணை எனக்கு அனுப்புங்கள் அக்கா. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நானே பேசுகிறேன்.