ரெட் பிளெண்ட் வாங்குமுன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பல ரகம் கலந்த ஒயின் என்றால் மிச்சம் மீதியை ஊற்றி ஒப்பேற்றியதுதானே? ஒரே ரகத் திராட்சையில் செய்ததுதான் உசத்தி என்கிறார் நண்பர். (கோவை)

நண்பர் சொல்வது தவறு. பிரான்சின் போர்தோ பகுதியில் பெரும் விலைக்குப் போகும் ரெட் ஒயின்களே பெரும்பாலும் கலவைதான். காரணம் வானிலை. அங்கே மெர்லோ என்ற திராட்சை ரகம் சீக்கிரம் பழுக்கும், கபர்னே சோவின்யான் என்ற ரகம் தாமதமாகப் பழுக்கும். பூக்கும் சமயத்தில் குளிர் தாக்கினால் மெர்லோ கொட்டிவிடும். அறுவடைக்கு முன் மழை பிடித்துக்கொண்டால் கபர்னே அடிபடும். இரண்டையும் நட்டு வைத்தவருக்கு ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கும். சுவையிலும் அப்படித்தான்: மெர்லோ சதைப்பற்றைத் தரும், கபர்னே துவர்ப்பையும் முதுகெலும்பையும் தரும்.

நல்ல பிளெண்ட் ஒன்று சொல்லுங்கள். (சிங்கப்பூர்)

கடிதம் இவ்வளவுதான். எவ்வளவு செலவழிப்பீர்கள், என்ன சாப்பாட்டோடு, துவர்ப்பு பிடிக்குமா பிடிக்காதா, எதுவுமே இல்லை. இப்படிக் கேட்டால் யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. சரி, 30, 40 வெள்ளிக்குள் என்று வைத்துக்கொள்கிறேன். பிரான்சின் தெற்கு ரோன் பள்ளத்தாக்கில் செய்யும் கோத் து ரோன் எடுங்கள். திராட்சை ரகங்களில் கிரனாஷ் முதலிடத்திலும் சிரா, மூர்வேத்ர் துணைக்கும் இருக்கும். இன்னும் கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால், லேபிளில் 'வில்லாஜ்' என்ற சொல் சேர்ந்ததை எடுங்கள். அதற்கு விதிகள் இன்னும் கறார்.

லேபிளில் கபர்னே என்று மட்டும் போட்டிருந்தால் அதில் வேறு எதுவும் கலக்கவில்லை என்று அர்த்தமா?

இல்லை. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 85 சதவீதம் இருந்தால் போதும். அமெரிக்காவில் பொதுவாக 75. மீதி என்ன என்பதைச் சிலர் பின் லேபிளில் எழுதுவார்கள். திருப்பிப் படியுங்கள்.

'ரிசர்வ்' என்று பொன்னெழுத்தில் போட்ட கலிஃபோர்னியா பிளெண்ட் ஒன்றை, பாட்டிலும் நல்ல கனமாக இருந்ததால், கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன். வெறும் இனிப்பும் மரவாசனையும்தான். ஏமாந்தேனா? (டொராண்டோ)

ஏமாற்றப்பட்டீர்கள். அதுவும் சட்டத்தை மீறாமலே. எனக்கு வரும் கடிதங்களில் இந்தப் புகார் ஓய்வதே இல்லை, ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் 'ரிசர்வ்' என்ற சொல்லுக்குச் சட்டப்படி எந்த அர்த்தமும் கிடையாது. நேற்று பாட்டிலில் அடைத்த மலிவான ஒயினுக்கும் ஒட்டலாம். 'பழைய கொடிகள்' என்ற சொல்லும் பல நாடுகளில் இதே கதைதான்.

அதே சொல் ஸ்பெயினின் ரியோஹாவில் 'ரெசெர்வா' என்று வந்தால் அதற்குப் பொருள் உண்டு. ரெட் ஒயினில் கிரியான்ஸா என்றால் குறைந்தது 2 வருடம், ரெசெர்வா என்றால் 3 வருடம் முதிர்ந்திருக்க வேண்டும். இரண்டிலும் ஒரு வருடமாவது ஓக் பீப்பாயில். கிரான் ரெசெர்வா 5 வருடம். பாட்டிலின் பின்பக்கம் எண்ணிட்ட சின்ன முத்திரைச் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும்: கிரியான்ஸாவுக்குச் சிவப்பு, ரெசெர்வாவுக்கு அடர்ந்த மெரூன், கிரான் ரெசெர்வாவுக்கு நீலம். கடைக்காரரை நம்பத் தேவையில்லை, பாட்டிலைத் திருப்பினால் போதும். குறைந்த பணத்தில் முதிர்ந்த ஒயின் வேண்டுபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ரியோஹா கிரியான்ஸாதான். டெம்ப்ரானியோ ரகத்தோடு கர்னாச்சா (கிரனாஷின் ஸ்பானியப் பெயர்) கலந்திருந்தால் இன்னும் நல்லது.

பாட்டிலின் எடைக்கும் ஒயினின் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அடியில் குழி ஆழமாக இருப்பதற்கும் இல்லை. கண்ணாடிக்கும் கப்பல் கூலிக்கும் சேர்த்து நீங்கள்தான் பணம் கொடுக்கிறீர்கள். இனிப்பு விஷயம் வேறு. பெரிய அளவில் விற்கும் சில அமெரிக்க பிளெண்டுகளில் லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். உலர் ஒயின், அதாவது இனிப்பில்லாத ஒயின் என்றால் 4 கிராம் அளவில் நிற்க வேண்டும். 'ஸ்மூத்', 'வெல்வெட்' என்று லேபிள் கொஞ்சினால் ஜாக்கிரதை. ரகம், ஊர், அறுவடை ஆண்டு மூன்றும் இல்லாமல் புகழ்ச்சி மட்டும் இருந்தால் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள்.

மட்டன் பிரியாணிக்கு எது?

கிரனாஷ் அதிகமான பிளெண்ட். துவர்ப்பும் ஆல்கஹாலும் கூடினால் மிளகாய்க் காரம் இன்னும் எரியும். 15 சதவீதம் போட்ட, பீப்பாய் வாசனை தூக்கலான பாட்டில் வேண்டவே வேண்டாம்.

ரெட் ஒயினை அறை வெப்பநிலையில்தான் குடிக்க வேண்டுமாமே? சென்னையில் அப்படிக் குடித்தால் ஸ்பிரிட் நெடிதான் அடிக்கிறது.

அடிக்கத்தான் செய்யும். அந்த அறை குளிர்நாட்டுப் பழைய வீட்டின் அறை, 16, 18 டிகிரி. உங்கள் அறை 30க்கு மேல். ஃப்ரிட்ஜில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வைத்து எடுங்கள். திறந்த பாட்டில் மிஞ்சினாலும் மூடி ஃப்ரிட்ஜிலேயே வையுங்கள், மூன்று நாள் தாங்கும். சமையலறை மேடையில் விடாதீர்கள்.

மலிவான பிளெண்டைப் பத்து வருடம் வைத்திருந்தால் சுவை கூடுமா? (மெல்பர்ன்)

கூடாது. இந்த விலை ஒயின்கள் வந்த இரண்டு மூன்று வருடத்துக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுகின்றன. வாங்கும்போதே ஆண்டைப் பாருங்கள். தள்ளுபடி மேசையில் ஐந்து வருடப் பழைய மலிவு பாட்டில் கிடந்தால், விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும் எடுக்காதீர்கள்.