40 மணி நேரத்தில் பைலட் ஆகலாமா?

வாசகர் கேள்வி – பதில்

40 மணி நேரம் பறந்தால் பிரைவேட் பைலட் லைசென்ஸ் கிடைக்கும் என்கிறார்கள். மணிக்கு 15,000 ரூபாய் வைத்தால் ஆறு லட்சம். என் கணக்கு சரியா?
(வாசகர், மதுரை)

பெருக்கல் சரி. 40 என்பதுதான் சிக்கல். அது இந்திய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ விதித்திருக்கும் குறைந்தபட்சம். அதில் 20 மணி நேரம் நீங்கள் மட்டும் தனியாக (சோலோ) பறந்திருக்க வேண்டும். அந்த சோலோவில் 5 மணி நேரம் ஊர் விட்டு ஊர் போகும் கிராஸ் கன்ட்ரி. அதிலும் ஒரு பயணம் 150 கடல் மைலுக்குக் குறையாமல், வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் முழுதாக இறங்கி நின்று கிளம்பியதாக இருக்க வேண்டும். 40 மணியில் இத்தனையும் முடிந்துவிட்டால் நல்லதுதான். 50, 60 மணி என்று கணக்கு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

செஸ்னா 152, 172 ரக விமானங்களுக்கு இந்தியாவில் மணிக்குச் சுமார் 12,000 முதல் 18,000 ரூபாய் வரை வாங்குகிறார்கள். 55 மணிக்கு 15,000 வீதம் போட்டால் 8.25 லட்சம். மருத்துவப் பரிசோதனை, தேர்வுக் கட்டணம், ஹெட்செட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் தனி. ஒன்பது, பத்து லட்சம் கையில் இருந்தால் நடுவழியில் நிற்க வேண்டி வராது.

வரிசை இப்படி: முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று. பிறகு ஸ்டூடன்ட் பைலட் லைசென்ஸ். இதற்கு 16 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் போதும். பிரைவேட் லைசென்ஸ் கைக்கு வர 17 முடிந்திருக்க வேண்டும். விமானச் சட்டம், வழிகாணல், வானிலை, விமானமும் எஞ்சினும் ஆகிய பாடங்களில் எழுத்துத் தேர்வு உண்டு. 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தேர்வு எழுத டிஜிசிஏ தரும் கம்ப்யூட்டர் நம்பர் வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்புக்கு நாளாகும் என்பதால் விமானப் பயிற்சிப் பள்ளியில் சேருமுன்பே விண்ணப்பித்துவிடுங்கள். ரேடியோவில் பேசவும் தனி லைசென்ஸ் இருக்கிறது. அதைக் கடைசிவரை தள்ளிப்போட்டுத் தவிப்பவர்கள் நிறைய.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். இன்றைக்கு எத்தனை பறக்கிறது, ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். ஷெட்டில் நிற்கும் விமானத்தில் யாரும் கற்றுக்கொள்ள முடியாது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்பார்கள், வேண்டாம். ஐந்து, பத்து மணி நேரத்துக்கான பணமாகக் கட்டிக்கொண்டே போங்கள்.

இந்த லைசென்ஸை வைத்து ஏர்லைனில் வேலைக்குப் போகலாமா?
(வாசகி, சேலம்)

முடியாது. சம்பளத்துக்குப் பறக்க கமர்ஷியல் லைசென்ஸும் முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் வேண்டும். அதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வேலைதான் குறி என்றால் நேரே கமர்ஷியல் பயிற்சியில் சேருங்கள். பிரைவேட் லைசென்ஸ், சொந்த ஆசைக்குப் பறப்பவர்களுக்கானது.

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை செய்கிறேன். வார இறுதியில் கற்றுக்கொள்ளலாமா? என்ன செலவாகும்?
(வாசகர், டல்லாஸ்)

தாராளமாக. உங்கள் வேலையும் விசா நிலையும் கெடாதவரை பகுதிநேரமாகக் கற்கத் தடையில்லை. ஆனால் நீங்கள் அமெரிக்கக் குடிமகன் அல்ல என்பதால், பயிற்சி தொடங்குமுன் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏ-வின் அனுமதி வாங்கியாக வேண்டும். கைரேகை, பின்னணிச் சோதனை உண்டு. இதைச் சொல்லாமலே முதல் வகுப்புக்குத் தேதி கொடுக்கும் பள்ளி என்றால் யோசியுங்கள்.

அங்கேயும் சட்டப்படி குறைந்தபட்சம் 40 மணிதான்: இன்ஸ்ட்ரக்டருடன் 20, சோலோ 10, மீதி எப்படியும் இருக்கலாம். இன்ஸ்ட்ரக்டருடன் பறப்பதில் இரவில் 3 மணி நேரமும், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து 3 மணி நேரமும் அடக்கம். பெரும்பாலானவர்களுக்கு 60 முதல் 75 ஆகிவிடுகிறது. 65 மணி என்று வைத்துப் பார்ப்போம். செஸ்னா 172 வாடகை மணிக்கு 180 டாலர் என்றால் 11,700. இன்ஸ்ட்ரக்டருக்கு மணிக்கு 75 டாலர். வானில் 50 மணி, தரையில் 20 மணி என்றால் 5,250. எழுத்துத் தேர்வு 175, மருத்துவர் 150, கடைசித் தேர்வான செக்ரைடு நடத்துபவருக்குச் சுமார் 1,000, அன்றைய விமான வாடகை 360, சாதாரண ஹெட்செட் 400, புத்தகமும் இதரமும் 300. கூட்டினால் 19,335 டாலர். விளம்பரத்தில் 10,000 என்று பார்த்திருப்பீர்கள். அது 40 மணிக் கணக்கு.

வாடகை பேசும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். பெட்ரோல் சேர்த்தா, சேர்க்காமலா? செஸ்னா 172 விமானம், மணிக்கு எட்டு, ஒன்பது கேலன் குடிக்கும். அடுத்து, எந்த மீட்டர்? ஹாப்ஸ் மீட்டர் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கடிகாரம் போல ஓடும். ஓடுதளத்துக்கு வரிசையில் நிற்பதற்கும் காசு. டாக் மீட்டர் எஞ்சின் சுழலும் வேகத்தைப் பொறுத்தது. தரையில் மெதுவாகத்தான் ஏறும். அதே மணிவாடகை என்றால் டாக் மீட்டர் உங்களுக்கு லாபம்.

பள்ளிக்குப் பணம் கட்டுமுன் மருத்துவச் சான்றை முடித்துவிடுங்கள். மூன்றாம் வகுப்புச் சான்றே போதும், கண்ணாடி போட்டிருந்தாலும் பரவாயில்லை. மன அழுத்தத்துக்கோ கவனக்குறைபாட்டுக்கோ (ஏடிஎச்டி) மாத்திரை சாப்பிடுபவர் என்றால், விண்ணப்பப் படிவத்தைச் சமர்ப்பிக்குமுன் விமான மருத்துவரிடம் ஆலோசனை மட்டும் கேளுங்கள். ஒருமுறை நிராகரிப்பு பதிவாகிவிட்டால் வெளியே வருவது பெரும்பாடு.

22 மணி நேரமாகியும் என்னை சோலோ விடவில்லை. லேண்டிங்கில் விமானம் துள்ளுகிறது. பணம் கரைகிறது.
(வாசகி, பெங்களூரு)

பெரும்பாலும் இதற்குக் காரணம் கை அல்ல, கண்ணும் வேகமும். ஓடுதளம் நெருங்கும்போது மூக்குக்கு நேர் கீழே பார்த்தால் தரை வேகமாக ஏறி வருவது போலத் தோன்றும். பயந்து கன்ட்ரோலைச் சட்டென்று இழுப்பீர்கள். விமானம் மறுபடி மேலே எழும்பி, வேகம் இழந்து தொப்பென்று விழும். கடைசிக் கட்டத்தில் பார்வையை ஓடுதளத்தின் மறுகோடிக்கு மாற்றுங்கள். 172-இல் முழு ஃபிளாப்புடன் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் மடிப்பு) 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்) வேகம் பிடித்து வாருங்கள். 75-இல் வந்தால் மிதந்துகொண்டே போகும். பொறுமையிழந்து கீழே அழுத்தத் தோன்றும்.

துள்ளிவிட்டால் மூக்கைக் கீழே தள்ளவே கூடாது. முன் சக்கரம் முதலில் மோதி, அடுத்த துள்ளல் இன்னும் பெரிதாகும். மூன்றாவதில் புரொப்பல்லர் தரையைத் தொடும். முழு பவர் கொடுத்து, வலது ரடரை (வால் சுக்கானுக்கான பெடல்) மிதித்து நேராக வைத்து, ஃபிளாப்பை முதலில் 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, மேலே ஏறிச் சுற்றி வாருங்கள். இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்ஸ்ட்ரக்டரிடம் ஒரு பயிற்சி கேட்டுப் பாருங்கள்: கொஞ்சம் பவரை வைத்துக்கொண்டு, தரையைத் தொடாமல், ஐந்து பத்து அடி உயரத்தில் ஓடுதளம் நெடுகப் பறந்து எழும்புவது. சாதாரண லேண்டிங்கில் அந்தக் காட்சி கண்ணுக்குக் கிடைப்பது நாலைந்து நொடிதான். இதில் அரை நிமிடம் கிடைக்கும். ஒரே நாளில் பன்னிரண்டு லேண்டிங் போடாதீர்கள். எட்டுக்கு மேல் களைப்புதான் மிஞ்சும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை பறக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பத்து நாள் இடைவெளி என்றால் ஒவ்வொரு முறையும் முதல் அரை மணி நேரம் பழையதை மீட்டெடுக்கவே போய்விடும். பணம் கரைவது அங்கேதான். காசு போதவில்லையா? மாதம் இரண்டு தரம் என்று ஆறு மாதம் இழுப்பதைவிட, மூன்று மாதம் சேர்த்துவைத்து, பிறகு வாரம் மூன்று தரம் பறப்பது சிக்கனம். மழைக்காலமும், வடக்கே என்றால் பனிமூட்ட மாதங்களும் தவிர்த்துத் தொடங்குங்கள். கண்ணால் பார்த்துப் பறக்க 5 கிலோமீட்டர் தூரமாவது தெளிவாகத் தெரிய வேண்டும்.

லைசென்ஸ் வாங்கியதும் நண்பர்கள் மூவரை ஏற்றிச் சென்று செலவை அவர்களிடம் வாங்கிக்கொள்ளலாமா?
(வாசகர், நியூ ஜெர்சி)

பகிரலாம், வசூலிக்கக் கூடாது. எரிபொருள், ஆயில், விமான நிலையக் கட்டணம், வாடகை ஆகியவற்றில் உங்கள் பங்கு தலைக்கணக்குப் பங்கைவிடக் குறையக் கூடாது. நால்வர் பறந்து 400 டாலர் ஆனால் 100 உங்களுடையது. கடந்த 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருந்தால்தான் ஆளை ஏற்றலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

பணத்தைவிட எடையைப் பாருங்கள். 172எஸ் விமானத்தில் நான்கு இருக்கை இருப்பது உண்மை. சுமக்கக்கூடிய எடை சுமார் 870 பவுண்டு என்று வைத்தால், நிரம்பிய டாங்கின் 53 கேலன் பெட்ரோலே 318 பவுண்டு. மீதி 552 பவுண்டு, அதாவது 250 கிலோ. 80 கிலோ ஆட்கள் மூவர் ஏறினாலே முடிந்தது. நாலாவது ஆளையும் ஏற்ற வேண்டுமென்றால் பாதி டாங்கோடு கிளம்பி, வழியில் இறங்கி நிரப்பிக்கொள்ளுங்கள்.