கச்சான் தோட்டத்துப் பன்றியும் துவக்குச் சட்டமும்

கேள்வி: காலபோகத்தில் ஒரு ஏக்கர் கச்சான் போட்டேன். பாதியைக் காட்டுப்பன்றிகள் கிளறிவிட்டன. அமெரிக்காவில் ஹெலிகொப்டரில் இருந்தும் பன்றி சுடலாமாம். இங்கும் எல்லோருக்கும் துவக்குக் கொடுத்தால் என்ன? அதுவரை, கம்பியைத் தட்டினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு வைக்கலாமா?
– வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது: வைக்கவே கூடாது. இலங்கையின் 1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கை வைத்திருப்பதே குற்றமாகும். முழங்கால் உயரத்தில் தடிகளில் இழுத்துக் கட்டி, வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுகிற வெறுங்கம்பியும் இதே வகைதான். இரவில் வாய்க்காலில் தண்ணீர் திருப்பப் போகிறவர் அதில் கால் பட்டு இறந்தால், கம்பி கட்டியவர் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழ், கவனயீனத்தால் மரணம் விளைவித்தவராக மன்றில் நிற்க நேரிடும்.

தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு அன்று. ஆகவே, அனுமதிப்பத்திரமுள்ள துவக்கால் உங்கள் காணியில் அதைச் சுடலாம். சரணாலய எல்லைக்குள் கூடாது.

அமெரிக்கச் செய்தி உண்மைதான். டெக்சாஸ் மாநிலம் 2017இல் வெப்பக் காற்று பலூனில் இருந்து சுடுவதற்கும் இடங்கொடுத்தது. (நம் முத்தையன்கட்டுக் குளத்துக்கு மேலே அப்படி ஒன்று மிதந்தால் பன்றியை விடப் பிள்ளைகள்தான் கூடுவார்கள்.) ஆனால் நாம் பார்க்க வேண்டியது டென்னசி மாநிலத்தை. அங்கு 1999இல், எண்ணிக்கை வரம்பின்றி யாரும் பன்றி வேட்டையாடலாம் என்று திறந்துவிட்டார்கள். அதற்கு முன் ஏறத்தாழ 15 மாவட்டங்களில் மட்டும் இருந்த பன்றி, சுமார் பத்தாண்டுகளில் 80 மாவட்டங்களை எட்டியது. வேட்டையில் ருசி கண்டவர்கள், பன்றியே இல்லாத இடங்களுக்கும் அவற்றை உயிருடன் ஏற்றிச்சென்று விட்டதே காரணம். 2011இல் பன்றியை வேட்டை விலங்குப் பட்டியலில் இருந்து நீக்கி, பொழுதுபோக்கு வேட்டையை நிறுத்தி, காணிக்காரர் தம் நிலத்தில் சுடவும் கூண்டு வைத்துப் பிடிக்கவும் மட்டும் வழிசெய்தார்கள்.

அங்கே பன்றி வெளியில் இருந்து வந்தது; இங்கே அது காட்டுக்கே உரியது, சிறுத்தைக்கு இரையும் கூட. ஆகவே அடியோடு ஒழிக்கும் சட்டம் நமக்குப் பொருந்தாது. எனினும் கூண்டு முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றைச் சுட்டால் மற்றவை சிதறி அடுத்தவர் மரவள்ளிக்குள் நுழையும்; கூட்டம் முழுவதும் இரைக்குப் பழகும்வரை கதவைத் திறந்தே வைத்து, பிறகு ஒரே இரவில் அடைப்பதுதான் பலன் தரும். தனியொருவருக்கு அது கட்டுப்படியாகாத செலவு என்பதால், உங்கள் கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.