லேசிக் செய்தாலும் அது மைனஸ் கண்தான்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம் போர்டில் எழுதுவது தெரியவில்லை என்றாள். மைனஸ் 1.5 என்று கண்ணாடி கொடுத்தார்கள். இந்த வருடம் மைனஸ் 2.5 ஆகிவிட்டது. கண்ணாடி போடப் போட பவர் ஏறத்தான் செய்யும், பொம்பளைப் பிள்ளைக்கு இந்த வயதில் சோடாபுட்டி வேண்டாம், பொன்னாங்கண்ணிக் கீரையும் கேரட்டும் கொடு, சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். கண்ணாடிக் கடைக்காரர், வேண்டுமானால் பவரைக் கொஞ்சம் குறைத்துப் போடலாம் என்கிறார். என் கணவருக்கும் மைனஸ் 8 இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் லேசிக் செய்துகொண்டு கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டார். மகளுக்கும் பதினெட்டு வயதில் அப்படிச் செய்துவிட்டால் போதும்தானே? அவளுக்கு ஐந்து வயதில் ஒரு தம்பி இருக்கிறான், அவனுக்கும் வருமா? (கணவருக்குப் பத்து நாளாக வலது கண்ணில் கொசு பறப்பதுபோல் தெரிகிறதாம். இரவில் விளக்கை அணைத்தால் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறதாம். தூக்கம் கெட்டதால் இருக்கும் என்கிறார்.)
— வாசகி, திருமங்கலம்

பதில்:

சகோதரி, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதியதற்குத்தான் முதல் பதில். உங்கள் கணவர் உடனே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வர நாளாகும் என்பதால், கடிதம் கிடைத்த அன்றே ஆசிரியர் குழுவிடம் சொல்லி உங்களுக்கு போன் செய்யச் சொன்னேன். இங்கே மறுபடி எழுதுவது, இதே அறிகுறியோடு "தூக்கம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வேறு வீடுகளிலும் யாராவது இருப்பார்கள் என்பதற்காக.

விழிக்குள்ளே முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி ஒரு கூழ் நிறைந்திருக்கிறது. வயதாக ஆக அது சுருங்கி, பின்னால் ஒட்டியிருக்கும் விழித்திரையிலிருந்து பிரியும். மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு இது இளவயதிலேயே நடந்துவிடுகிறது. பிரியும்போது விழித்திரையைப் பிடித்து இழுத்தால், மூளைக்கு அது வெளிச்சமாகத் தெரியும். அதுதான் அந்த மின்னல். கூழில் மிதக்கும் துணுக்குகளின் நிழல்தான் கொசு. பெரும்பாலானவர்களுக்கு இது ஆபத்தில்லாமல் முடிந்துவிடும். சிலருக்கு இழுத்த இடத்தில் விழித்திரை கிழிகிறது. கிழிசல் வழியாக நீர் உள்ளே போனால் விழித்திரை பின்சுவரை விட்டுக் கழன்றுவிடும். உங்கள் கணவர் எந்த வகை என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

விழித்திரைக்கு வலி தெரியாது. கண் சிவக்காது, நீர் வடியாது. அதனால்தான் ஜனங்கள் தள்ளிப்போடுகிறார்கள். என் சொந்த அண்ணனே தள்ளிப்போட்டார். மைனஸ் 7 கண், ஜவுளிக்கடை வியாபாரம், தீபாவளிக்கு முந்தைய வாரம். மின்னல் வெட்டுவதை யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள், இடது கண்ணில் கீழேயிருந்து கறுப்பாக ஒரு திரை ஏறுவதுபோல் தெரிந்திருக்கிறது. தீபாவளி முடியட்டும் என்று இருந்துவிட்டார். எனக்கு போன் வந்தபோது அந்தக் கண்ணில் நடுப்பார்வை போயிருந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது, விழித்திரை ஒட்டியும் கொண்டது. ஆனால் அந்தக் கண்ணால் இன்றும் அவரால் பில் புத்தகத்தைப் படிக்க முடியாது. கிழிசலாக இருந்தபோதே வந்திருந்தால், சுற்றிலும் லேசர் வைத்து அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

உங்கள் ஊரிலிருந்து மதுரை கூப்பிடு தூரம். அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, செலவு இடித்தால் அரசு ராஜாஜி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. போய், "மைனஸ் 8 இருந்தது, லேசிக் செய்திருக்கிறேன், பத்து நாளாக மின்னல் வெட்டுகிறது" என்று வரவேற்பிலேயே சொல்லச் சொல்லுங்கள். லேசிக் செய்த விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்ணாடி இல்லாத ஆளைப் பார்த்தால், இவருக்கு மைனஸ் கண் என்று யாருக்கும் தோன்றாது. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரியவைத்து, டாக்டர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு விழித்திரையின் ஓரம் வரை பார்ப்பார். அதன் பிறகு சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்து எழுத்து மங்கும். பைக்கில் போக வேண்டாம், கூட ஒருவர் போங்கள்.

சரி, இப்போது மகள் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் கண்ணும் மகளின் கண்ணும் ஒரே கதைதான், அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

கிட்டப்பார்வையைப் "பவர்" என்று சொல்லியே நமக்குப் பழகிவிட்டது. பவர் என்பது கண்ணாடியின் கணக்கு. கண்ணில் நடப்பது வேறு. பிறந்த குழந்தையின் விழி முன்னிருந்து பின்னாகச் சுமார் 17 மில்லிமீட்டர் இருக்கும். வளர்ந்து 24 வாக்கில் நின்றுவிட வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது நிற்காமல் நீள்கிறது. ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறத்தாழ மைனஸ் இரண்டரை, மூன்று பவர் ஏறும். தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுவதால் போர்டு மங்கலாகத் தெரிகிறது. மைனஸ் 8 என்றால் உங்கள் கணவரின் விழி 27 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும்.

பரோட்டாக் கடையில் மாஸ்டர் மாவை வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். மாவு கூடுவதில்லை, இழுபட இழுபட மெலிகிறது, கடைசியில் விரல் தெரியும். நீண்ட கண்ணில் விழித்திரையும் அதைத் தாங்கும் அடுக்குகளும் அப்படித்தான் மெலிகின்றன. லேசிக்கில் என்ன செய்கிறார்கள்? முன்னால் இருக்கும் கருவிழியை லேசரால் தட்டையாக்குகிறார்கள். கண்ணாடி செய்த வேலையைக் கருவிழியே செய்கிறது. பின்னால் இழுபட்ட விழி இழுபட்டபடியே இருக்கிறது. லேசிக் நல்ல சிகிச்சை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் கண்ணாடி போனதும் கிட்டப்பார்வையே போய்விட்டது என்று நினைத்து ஆறு வருடம் கண் டாக்டர் பக்கமே போகாமல் இருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. மைனஸ் பவர் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், மைனஸ் 1 முதல் 3 வரை உள்ளவர்களுக்கு விழித்திரை கழலும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு, 3க்கு மேல் போனால் சுமார் 10 மடங்கு என்று அமெரிக்காவில் 1993இல் வந்த ஆய்வு காட்டியது. கண்நீர் அழுத்த நோய் வரும் வாய்ப்பும் இவர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். கண்புரையும் சீக்கிரம் வரலாம். நடுவிழித்திரை மெலிந்து, கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரியாமல் போவதும் உண்டு. உங்கள் கணவர் இனி வருடம் ஒரு முறை பாப்பாவை விரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே மகளுக்குப் பதினெட்டு வயதில் லேசிக் செய்யலாமா என்பது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியது. பவர் நின்றுவிட்டதா, கருவிழி தாங்குமா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்குள் இந்த ஒன்பது வருடத்தில் அவள் விழி எவ்வளவு நீளப்போகிறது என்பதுதான் இன்றைய கேள்வி. மைனஸ் 4இல் நிற்பதும் மைனஸ் 8இல் நிற்பதும் ஐம்பது வயதில் ஒன்றாக இருக்காது.

உங்கள் மாமியார் சொல்வது அக்கறையில் சொல்வது. அவர் பார்த்த வரிசையும் சரிதான்: பிள்ளை கண்ணாடி போட்டாள், பவர் ஏறியது. ஆனால் புதுச் சட்டை தைத்துப் போட்டதால்தான் பிள்ளை வளர்ந்தாள் என்று சொல்வோமா? வளர்ந்ததால் சட்டை தைத்தோம். கண்ணாடியும் அப்படித்தான். அவருக்கு இதை நீங்கள் சொல்வதைவிட, அடுத்த முறை மகளின் பரிசோதனைக்கு அவரையும் கூட்டிப்போய் டாக்டரையே சொல்லவைப்பது நல்லது. கீரையைத் தாராளமாகக் கொடுக்கட்டும். அதிலிருந்து கிடைக்கும் விட்டமின் ஏ மாலைக்கண்ணைத் தடுக்கும், நீண்டுவிட்ட விழியைச் சுருக்காது.

கடைக்காரர் சொன்ன குறைந்த பவர் வேண்டவே வேண்டாம். இந்த நம்பிக்கை பல நாடுகளில் இருந்தது. மலேசியாவில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முழுப் பவரும், மீதிப் பேருக்கு 0.75 பவர் குறைத்தும் கண்ணாடி கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் முழுப் பவர் போட்டவர்களுக்குச் சராசரியாக 0.77 ஏறியது, குறைத்துப் போட்டவர்களுக்கு 1.00 ஏறியது. 2002இல் வெளிவந்த ஆய்வு இது. பவரைக் கடையில் மெஷினில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்த வயதில் பிள்ளைகள் கண்ணை இறுக்கிப் பார்ப்பதால் மைனஸ் கூடுதலாகக் காட்டும். சொட்டு மருந்து விட்டு, அந்த இறுக்கம் தளர்ந்த பிறகு பார்ப்பதுதான் சரியான கணக்கு.

என்னிடம் வந்த ஒரு பையனை நினைத்துக்கொள்கிறேன். பதினோரு வயது, மைனஸ் 4, அதுவரை கண்ணாடியே போடாதவன். தூரத்தில் வருவது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டேன். "நடையை வச்சுத்தான் சார்" என்றான். எல்லோரும் அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தான். உங்கள் மகள் போர்டு தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னாளே, அதற்கு அவளைப் பாராட்டுங்கள். அவள் முன்னால் சோடாபுட்டி என்ற பேச்சு வீட்டில் வேண்டாம். அந்த வார்த்தைக்குப் பயந்து கண்ணாடியைப் பைக்குள்ளேயே வைத்திருக்கும் பெண் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

விழி நீள்வதை மட்டுப்படுத்த வழிகள் உண்டு. வருடத்துக்கு ஒரு பவர் ஏறுவது வேகம்தான், அதனால் இதை டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். ஒன்று, மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து, தினமும் இரவில். ஹாங்காங்கில் நடந்த பெரிய ஆய்வில் 0.05 சதவீத மருந்து, முதல் வருடத்தில் பவர் ஏறும் வேகத்தை மூன்றில் ஒரு பங்காக்கியது, 0.01 சதவீதம் அவ்வளவு வேலை செய்யவில்லை. எது, எத்தனை வருடம் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் பவர் மறுபடி வேகமாக ஏறலாம். இன்னொன்று, பிள்ளைகளுக்கென்றே செய்த தனி வகைக் கண்ணாடி. நடுவில் சாதாரண லென்ஸ், சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய லென்ஸ்கள். விலை சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு. முடியவில்லை என்றால் குற்ற உணர்ச்சி வேண்டாம், சரியான முழுப் பவர் கண்ணாடியும் ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனையும் முதலில். இரவில் போட்டுத் தூங்கும் கான்டாக்ட் லென்ஸும் உண்டு. ஆனால் சுத்தம் கொஞ்சம் தவறினாலும் கருவிழியில் கிருமித் தொற்று வரும் என்பதால், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நான் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் வெயில். செலவே இல்லாத இதைத்தான் தம்பிக்காக அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை, ஆறேழு வயதினரை, ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 சதவீதம்தான். சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் குறைவாகப் படிக்கவில்லை. ஆனால் வாரத்துக்கு 13 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரம்தான். சீனாவின் குவாங்சோவில், பள்ளி நாளில் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் மற்ற பள்ளிகளில் 39.5 சதவீதம், இந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம். விழித்திரையில் நல்ல வெளிச்சம் படும்போது டோபமின் என்ற வேதிப்பொருள் சுரந்து, விழி நீள்வதைக் கட்டுப்படுத்துகிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். டியூப்லைட் எரியும் அறையில் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான். வேப்பமர நிழலில் நின்றால்கூட அதைப்போலப் பல மடங்கு. உச்சி வெயிலில் நிற்கவைக்க வேண்டியதில்லை. காலையும் மாலையுமாக, பொழுது நல்ல வெளிச்சமாக இருக்கும்போதே இரண்டு மணி நேரம் தெருவில் விளையாடவிடுங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

மகளுக்கும் இது வேண்டும். ஆனால் ஏற்கெனவே பவர் வந்துவிட்ட கண்ணுக்கு வெயில் மட்டும் போதாது. வராமல் தடுப்பதில்தான் அதன் பலம் அதிகம். அப்பாவுக்கு மைனஸ் 8, அக்காவுக்கு மைனஸ் 2.5 என்றால் தம்பிக்கும் வாய்ப்பு கூடுதல்தான், வந்தே தீரும் என்றில்லை. பள்ளி முடிந்து நேராக டியூஷன் அனுப்பும் வயதில்லை அவனுக்கு. ஐந்து வயதுப் பிள்ளை ஐந்தரை மணி வரை தெருவில் இருக்கட்டும். செல்போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாங்கிவைத்துவிடுங்கள்.

கணவரை மதுரைக்குக் கூட்டிப்போகும் நாளில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள், அன்று முழுக் கவனமும் அவருக்கு வேண்டும். அடுத்த வாரம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலமோ சனிக்கிழமையோ இரண்டு பேரையும் கூட்டிப்போங்கள். சொட்டு மருந்து விட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் எழுத்து மங்கலாகத் தெரியலாம், பள்ளி இல்லாத நாளாக இருந்தால் நல்லது. வெயில் கூசும், ஆளுக்கொரு தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மகளின் இரண்டு பழைய சீட்டுகளையும், கிடைத்தால் கணவரின் லேசிக்குக்கு முந்தைய சீட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள்.