'மம்பிள்' என்ற ஆங்கிலச் சொல்லும் 'மட்டர்' என்ற சொல்லும் ஒன்றுதானா?

இரண்டுக்குமே அகராதிகள் பெரும்பாலும் 'முணுமுணுத்தல்' என்று பொருள் தருவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. ஆனால் அவை ஒன்றல்ல. வாயைச் சரியாகத் திறக்காமல், எதிரில் இருப்பவருக்குச் சொற்கள் பிரிந்து கேட்காதவாறு தாழ்ந்த குரலில் பேசுவதே மம்பிள். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'மொமெலன்' என்று வழங்கிய இச்சொல்லுக்குப் பல்லில்லாத வாயால் மெதுவாக மெல்லுதல் என்ற பொருளும் உண்டு. 'வார்த்தையை மென்று விழுங்குகிறான்' என்று நாம் சொல்வதோடு அது எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று பாருங்கள்!

தாமதமாக வந்த மாணவன் தலையைக் குனிந்துகொண்டு, பாதி காதில் விழாதபடி மன்னிப்புக் கேட்டால், 'ஹி மம்பிள்ட் அன் அப்பாலஜி' என்று எழுதலாம். அதே மாணவன் இருக்கைக்குத் திரும்பும்போது எரிச்சலோடு தனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டால் அது மட்டர். நம்முடைய 'முணுமுணுப்பு' உண்மையில் இதற்குத்தான் நெருக்கமானது என்பது என் கருத்து. மது மயக்கத்திலோ பக்கவாதத்திலோ நாக்குக் குழறுவதைச் சொல்ல 'ஸ்லர்' என்ற மூன்றாவது சொல்லே பொருந்தும்.