எஸ்பிஎம் இல்லை, 15 வருடத் தையல் அனுபவம் உண்டு: சுங்கை சிப்புட்டில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க முறையான தகுதி பெறுவது எப்படி?

கேட்டவர் சொன்னது இவ்வளவு: மலேசியாவில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் கையில் இல்லை, தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர், இப்போது டவுனில் சின்னத் தையல் கடை. பாஜு கூரோங், பஞ்சாபி சூட், பள்ளிச் சீருடை எல்லாம் தைப்பார். தோட்டத்துப் பெண்களுக்குத் தையல் கற்றுத்தர வேண்டும், சான்றிதழோடு செய்ய வேண்டும். ஒருவர் டிடிடி எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் விடிஓ என்கிறார். இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை. இரண்டு கதவும் இரண்டு வேறு வீட்டுக்குத் திறக்கின்றன. கட்டணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: யார் படிக்கப் போகிறார்கள், யார் காசு கொடுக்கப் போகிறார்கள், படித்து முடித்தவர் கையில் என்ன தாள் இருக்கும்.

காசு கொடுப்பது முதலாளி என்றால் டிடிடி, அதாவது டிரெய்ன் த டிரெய்னர். இது எச்ஆர்டி கோர்ப் பக்கத்து விஷயம், அதாவது முதலாளிகளிடம் பயிற்சிக்கான லெவியை வாங்கி நிர்வகிக்கும் அரசு அமைப்பு. 10 அல்லது அதற்கு மேல் மலேசியத் தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்கள் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காடு லெவி கட்டுகின்றன, அந்தப் பணத்திலிருந்து பயிற்சிச் செலவைக் கேட்டு வாங்குகின்றன. விவசாயத் துறையும் 2021 மார்ச் முதல் இதற்குள் வந்துவிட்டதால் பெரிய தோட்ட நிறுவனங்களும் லெவி கட்டுகின்றன. அந்தப் பணத்தில் நடக்கும் வகுப்பில் நிற்கத்தான் டிடிடி. பெரும்பாலும் 5 நாள் பாடம், கடைசியில் நீங்களே ஒரு சிறு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: டிடிடி கையில் இருந்தால் மட்டும் நிறுவனம் உங்களிடம் நேராக வந்துவிடாது. எச்ஆர்டி கோர்ப்பில் பதிந்த பயிற்சி நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் வகுப்பு வரும். அப்படி ஒரு நிறுவனத்தோடு பேசி வைக்காமல் சான்றிதழை மட்டும் வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்கள் நிறைய.

படிப்பவர் கையில் எஸ்கேஎம், அதாவது மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்க வேண்டும் என்றால் விடிஓ. முழுப் பெயர் வொக்கேஷனல் டிரெய்னிங் ஆபரேஷன், நிலை 3. மனிதவள அமைச்சின் கீழ் இருக்கும் ஜேபிகே, அதாவது திறன் மேம்பாட்டு இலாகா, இதைக் கொடுக்கிறது. ஷா ஆலமில் உள்ள சியாஸ்ட் இதற்கென்றே இருக்கும் பயிற்றுநர் கல்லூரி. ஜேபிகே அங்கீகரித்த மற்ற மையங்களிலும் நடத்துகிறார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஷா ஆலம் 200 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே ஈப்போ பக்கம் வாரக் கடைசியில் நடத்தும் மையம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கோயில் மண்டபத்திலோ பாலாய் ராயா என்ற ஊர்ப் பொது மண்டபத்திலோ நாலைந்து பேருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் திட்டம் என்றால் உடனே ஓடிப்போய் எதையும் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணிக்கையில் கவனம். 10 பேர் அல்லது அதற்கு மேல் வழக்கமாக வந்து படிக்கும் இடத்தை 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளி என்ற வரையறைக்குள் வைத்துப் பார்க்கிறது. பதிவு, கற்பிக்கும் பெர்மிட் எல்லாம் கூடவே வரும். போர்டு மாட்டுவதற்கு முன் கோலகங்சார் மாவட்டக் கல்வி இலாகாவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உங்கள் கேள்வியைப் படித்தால் நீங்கள் தேடுவது விடிஓ-தான் என்று தெரிகிறது. அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது, பலர் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். தையலில் உங்களுக்கே எஸ்கேஎம் இல்லை. கற்பிக்கும் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு எஸ்கேஎம் வகுப்பு எடுக்க முடியாது. அந்தத் தொழிலிலும் அந்த நிலையிலும் உங்கள் திறன் சான்றளிக்கப்பட்டிருக்க வேண்டும். எஸ்பிஎம் இல்லாதது இங்கே பெரிய தடை இல்லை. எஸ்கேஎம் மூன்று வழியில் கிடைக்கும்: அங்கீகார மையத்தில் படிப்பது, வேலையிடத்தோடு சேர்ந்த எஸ்எல்டிஎன், அனுபவத்தை வைத்து வாங்கும் பிபிடி. 15 வருடம் தைத்தவர் மறுபடி முதல் வகுப்பில் உட்கார வேண்டாம். பிபிடி-தான் உங்கள் வழி.

பிபிடி என்றால் ஃபைல். அந்தத் தொழிலுக்கான தேசியத் தரநிலை ஆவணம், நோஸ் என்பார்கள், அதில் திறன் அலகுகள் வரிசையாக இருக்கும்: அளவெடுத்தல், பேட்டர்ன் வரைதல், வெட்டுதல், தைத்தல் என்று. ஒவ்வோர் அலகுக்கும் ‘இதை நான் செய்தேன்’ என்பதற்குச் சான்று வைக்க வேண்டும். இதில் நடக்கும் தவறு எப்போதும் ஒன்றேதான்: முடிந்த சட்டையை ஹேங்கரில் மாட்டி அழகாகப் படம் எடுத்து 40 பக்கம் ஒட்டுவது. அந்தச் சட்டையை யார் தைத்தது என்று படம் சொல்லாது. அளவு நாடா உங்கள் கையில், கத்தரி துணியில், மெஷினில் நீங்கள் உட்கார்ந்திருப்பது, அப்புறம் முடிந்த உடை என்று ஒரே உடையின் ஐந்தாறு கட்டத்தைத் தேதியோடு எடுங்கள். நீங்கள் வரைந்த பேட்டர்ன் தாள், வாடிக்கையாளர் அளவுப் புத்தகம் (பெயரை மறைத்துவிட்டு), ரசீது, கடையின் எஸ்எஸ்எம் வணிகப் பதிவு எல்லாம் சேர்க்கலாம். சொந்தக் கடை என்பதால் முதலாளி கடிதம் இருக்காது. ரசீதும் எஸ்எஸ்எம்மும் அந்த இடத்தை நிரப்பும்.

இனி விடிஓ வகுப்பு. தொழில் தெரிந்தவர்களுக்கு அதில் கஷ்டம் தருவது பேச்சு இல்லை, எழுத்துதான். ஒரு பாடத்துக்கு ரன்சாங்கான் பெங்காஜாரான் என்ற பாடத்திட்டம், கெர்தாஸ் பெனெராங்கான் என்ற விளக்கத்தாள், கெர்தாஸ் கெர்ஜா என்ற செய்முறைத் தாள், மதிப்பீட்டுப் பட்டியல் என்று எல்லாம் எழுத வேண்டும், பெரும்பாலும் மலாயில். ஒரு வேலையைத் தினமும் கைதான் செய்கிறது; அதை வாக்கியமாக்கச் சொன்னால் ‘அப்படியே பிடிச்சு, இப்படித் தைக்கணும்’ என்பதற்கு மேல் வராது.

பாடத்திட்டத்தின் முதல் வாக்கியம் நோக்கம். ‘பயிற்சி பெறுபவர் ஜிப் வைப்பதைத் தெரிந்துகொள்வார்’ என்று எழுதினால் மதிப்பீட்டாளர் சிவப்புப் பேனாவை எடுப்பார். தெரிந்துகொண்டாரா என்று எப்படிப் பார்ப்பது? கண்ணால் பார்க்கக்கூடிய வினை, எந்தச் சூழலில், எந்த அளவுக்குச் சரியாக என்ற மூன்றும் வேண்டும். இப்படி எழுதலாம்: ‘மறைவு ஜிப் ஃபுட் பொருத்திய மெஷினில், 7 இன்ச் ஜிப்பின் ஒரு பக்கத்தைப் பாஜு கூரோங் பாவாடைத் துணியில் 12 நிமிடத்துக்குள் தைத்து முடிப்பார், தையல் பல்லின் மேல் ஏறக்கூடாது, வெளிப்பக்கம் நாடா தெரியக்கூடாது.’ மெங்கெத்தாஹுய், மெமாஹாமி போன்ற வினைகளைச் செய்முறைப் பாடத்தில் தொடாதீர்கள். மெஞ்ஜாஹிட், மெமாசாங், மெமெரிக்சா என்று கை செய்யும் வினைகளாகப் பொறுக்கி ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஏன் ஒரு பக்கம் மட்டும்? நடத்திக் காட்டும் பாடத்துக்கு 30 நிமிடம் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அறிமுகம் 3, விளக்கம் 5, செய்து காட்டல் 7, பயிற்சி பெறுபவர் செய்வது 12, சரிபார்ப்பு 3. முழு ஜிப்பையும் எடுத்துக்கொண்டால் செய்து காட்டவே 15 நிமிடம் போகும், பயிற்சி பெறுபவர் கை மெஷினைத் தொடுவதற்குள் மணி அடித்துவிடும். நல்ல தையல்காரர்கள் இந்தப் பாடத்தில் சறுக்குவது தெரியாததால் இல்லை, தெரிந்ததையெல்லாம் அரை மணியில் கொட்டப் பார்ப்பதால்.

செய்முறைத் தாளில் இரண்டு நெடுவரிசை போதும்: என்ன செய்வது, எதில் கவனம். உதாரணத்துக்கு முதல் வரி: ஜிப்பைத் திறந்து, சுருண்டிருக்கும் பல்லை உள்பக்கத்திலிருந்து இஸ்திரியால் விரித்துவிடு, கவனம்: சூடு குறைவாக, அதிகமானால் நைலான் பல் உருகும். அடுத்து: ஜிப்பின் முகம் துணியின் நல்ல பக்கத்தைப் பார்க்கும்படி கவிழ்த்து வை, பல் 1.5 சென்டிமீட்டர் தையல் கோட்டின் மேல் இருக்கட்டும். அடுத்து: ஃபுட்டின் பள்ளத்துக்குள் பல்லை விட்டுத் தை, முனைக்கு 1.5 சென்டிமீட்டர் முன்னால் நிறுத்து. பல்லை விரிக்காமல் தைத்தால் ஊசி பல்லை விட்டுத் தள்ளி ஓடும், ஜிப் மூடியதும் நாடா வெளியே தெரியும். ரொம்ப ஒட்டித் தைத்தால் இழுப்பான் சிக்கும். அடுத்த பாடத்தில் இரண்டாவது பக்கம் வரும்போது ஜிப் ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்ளும், எல்லாருக்கும் நடக்கும். மெஷினில் வைக்கும் முன் குண்டூசி குத்தி, ஒரு முறை மூடித் திறந்து பார்க்கச் சொல்வது அந்தத் தாளில் கட்டாயம் இருக்க வேண்டிய வரி.

செய்து காட்டும் முறைக்கு விடிஓ வகுப்பில் பல பெயர் சொல்வார்கள். பெரியவர்களிடம் நன்றாக ஓடுவது பேட்டன் என்பவர் வகுத்த நான்கு படி: முதலில் பேசாமல் வழக்கமான வேகத்தில் ஒருமுறை செய்வது, பிறகு மெதுவாக விளக்கிக்கொண்டே செய்வது, மூன்றாவது முறை அவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்வது, கடைசியில் அவரே சொல்லிக்கொண்டு செய்வது. அந்த மூன்றாவது படிதான் சூட்சுமம். ‘புரியுதாக்கா?’ என்று கேட்டால் 55 வயது அக்கா தலையைத்தான் ஆட்டுவார். நாலு பேர் முன்னால் புரியவில்லை என்று யார் சொல்வார்? ‘அடுத்து நான் என்ன செய்யணும், நீங்க சொல்லுங்கக்கா’ என்றால் எங்கே விட்டார் என்பது உடனே தெரிந்துவிடும், அவருக்கும் மரியாதை குறையாது. தவறு தைத்ததைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினால் அடுத்த வாரம் ஒரு நாற்காலி காலி.

மதிப்பீட்டில் 100க்கு இத்தனை என்ற பள்ளிக்கூடக் கணக்கை விடுங்கள். தெராம்பில் அல்லது பெலும் தெராம்பில், அதாவது கைவந்தது, இன்னும் கைவரவில்லை. பட்டியலில் ஆம், இல்லை என்று குறித்து, ‘இல்லை’ விழுந்த வரியை மட்டும் மறுபடி செய்யச் சொல்ல வேண்டும்.

ஒரு சுருக்கெழுத்துக் குழப்பம், சிரிப்பு வரும், ஆனால் அலைச்சலும் தரும். மேலே சொன்ன பிபிடி-யில் கடைசி எழுத்து T, மலாய் ‘தெர்டாஹுலு’. எஸ்கேஎம் மையத்தில் உள்ளகச் சரிபார்ப்பு அதிகாரியையும் பிபிடி என்பார்கள், அங்கே கடைசி எழுத்து D. மாவட்டக் கல்வி இலாகாவுக்கும் அதே D பிபிடி-தான். போனில் பேசும்போது முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

நேரமும் இடமும் சொந்தமாகத் திட்டமிட வேண்டியவை, எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். அதிகாலையில் எழுந்து வேலைக்குப் போகிறவரை இரவு 8.30க்கு ஊசியில் நூல் கோர்க்கச் சொல்லாதீர்கள். மாலை 4.30 முதல் 6.30, இல்லாவிட்டால் ஞாயிறு காலை. காலையில் மழை பிடித்தால் பால் மரம் வெட்டு தள்ளிப்போகும், அன்று மாலை பாதிப் பேர் வர மாட்டார்கள். அந்த வாரத்துப் பாடத்தைத் திருப்பி எடுக்க ஒரு நாள் காலியாக வையுங்கள். தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதம் உங்களுக்கே கடையில் தலைக்கு மேல் வேலை, அப்போது புது வகுப்பு தொடங்க வேண்டாம். 40 தாண்டியவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். தாளை 14 அளவு எழுத்தில் அச்சடித்து, நாலைந்து படிக்கும் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மண்டபத்தில் ஒரே 13 ஆம்பியர் சாக்கெட்டில் எக்ஸ்டென்ஷன் போட்டால் சுமார் 3000 வாட்தான் தாங்கும். மெஷின்கள் பரவாயில்லை, 1600 வாட் இஸ்திரி இரண்டை ஒன்றாகச் சொருகினால் தாண்டிவிடும். இஸ்திரிக்குத் தனி சாக்கெட். ஆறு பேருக்கு ஒன்பது ஜிப், ஊசி ஒரு பாக்கெட் கூடுதல்.

டிகிரி எண்ணம் உண்டென்றால், அனுபவத்தை வைத்து நுழையும் அபெல் ஏ வழி இருக்கிறது: டிப்ளோமாவுக்கு 20 வயது, இளங்கலைக்கு 21, முதுகலைக்கு 30. அதை விடிஓ முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆக வரிசை: பிபிடி ஃபைல், தையலில் எஸ்கேஎம், விடிஓ, தோட்ட நிறுவன வகுப்பு வந்தால் டிடிடி. விடிஓ மையத்துக்குப் பணம் கட்டும் முன் ஜேபிகே கொடுத்த அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். மையத்தின் பெயர் இருந்தால் போதாது. எந்தப் பாடம், எந்த நிலை, எந்தத் தேதிவரை என்ற மூன்றும் அதில் இருக்கும். போர்டில் ‘ஜேபிகே மையம்’ என்று பெரிதாக எழுதியிருக்கும், அங்கீகாரம் வேறு ஒரு பாடத்துக்கு இருக்கும். கடிதத்தைக் காட்டத் தயங்கினால் அடுத்த மையத்துக்குப் போன் போடுங்கள்.